காதால் கார் பார்ப்பவர்

கார் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், கார் திருத்துகிறவர்கள் இருக்கிறார்கள், கார் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். வன்னியில் மூன்றாவது வகைதான் அதிகம். இந்த மூன்றிலும் சேராத இன்னொரு பிறவியும் உண்டு. அவர் காரைக் காதால் பார்ப்பவர். ஸ்பனரைத் தொடமாட்டார். பொனற்றைத் திறக்கமாட்டார். கார் எங்கே நின்றாலும் அங்கே வந்து சேர்ந்து, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு, "ஸ்ராட் பண்ணும் பாப்பம்" என்பார். நீங்கள் ஸ்ராட் பண்ணுவீர்கள். "ம்" என்பார். பிறகு, "உதை ஆர் கடைசியாக் கழட்டினது?" என்று கேட்பார். நீங்கள் யாருடைய பெயரைச் சொன்னாலும் சிரிப்பார்.

உங்களுக்கு இவரைத் தெரியும். ஊருக்கு ஒருவர் கட்டாயம் இருப்பார். இடம்பெயர்ந்தவர்களின் குடியிருப்பு என்றால் இருவர்கூட இருக்கலாம். ஏனென்றால் ஓடும்போது அலுமாரியை விட்டுவிட்டு ஓடியவர்கள் உண்டு, ஆட்டை விட்டுவிட்டு ஓடியவர்கள் உண்டு; அபிப்பிராயத்தை விட்டுவிட்டு ஓடியவர் எவரையும் நான் கண்டதில்லை.

எங்களுக்கு வாய்த்தவர் பரமேஸ்வரன். கிளிநொச்சியிலிருந்து தொண்ணூற்றாறில் புறப்பட்டு, துணுக்காய்க்கு மேற்கே காட்டோரமாக முளைத்த எங்கள் குடியிருப்புக்கு வந்துசேர்ந்தார். முன்பு ஒரு பஸ் நிலையத்தில் பஸ்கள் புறப்படும் நேரத்தை ஒலிபெருக்கியில் அறிவிப்பதுதான் அவருடைய உத்தியோகம். பஸ்கள் எல்லாம் தன்னைத் தாண்டித்தான் போயின என்பதால் பஸ்களைப் பற்றித் தனக்கு எல்லாம் தெரியும் என்று அவர் முடிவுசெய்திருந்தார். அவர் பேசிய சத்தத்தில் நாங்களும் அப்படியே முடிவுசெய்துவிட்டோம். ஆள் நல்ல பாரம். நிவாரண அரிசியில் அப்படி ஓர் உடம்பைக் காப்பாற்றி வைத்திருந்ததற்காகவே அவரை மதிக்கலாம்.

குடியிருப்பில் இருந்த ஒரே கார் தோமசுடையது. முல்லைத்தீவுக் கரையில் கடற்றொழில் செய்தவர் தோமஸ். கடல் இல்லாத இடத்துக்கு வந்துவிட்ட பிறகு என்ன செய்வது? வெளிநாடு போன மாமனார் விட்டுச்சென்ற பழைய ஏ-போட்டி (A-40) காரை வள்ளம் என்று நினைத்துக்கொண்டு வாடகைக்கு ஓடினார். கார் மண்ணெண்ணெயில் ஓடியது. புறப்படுவதற்கு மட்டும் காபரேற்றருக்கு ஒரு மூடி பெற்றோல் காட்டவேண்டும். பிறகு அது புகைந்து, கனைத்து, கர்ப்பிணிகளையும் காய்ச்சல்காரரையும் மணப்பெண்களையும் ஏற்றிக்கொண்டு மல்லாவிக்குப் போய்வரும்.

அந்தக் காரின் இடதுபக்கப் பின்சில்லு ஒருநாள் உரசத் தொடங்கியது. கிர்ர்ர் என்று ஒரு சத்தம். தோமஸ் காரை நிறுத்தி, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கீழே படுத்துப் பார்க்கப் போனார்.

"தம்பி தோமஸ், நில்லும்!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "உதுக்கேன் குனியிறீர்? தெரியாதவன்தான் குனிஞ்சு பாப்பான். நான் ஏறி இருக்கிறன், நீர் ஓட்டும்."

அவர் பின் இருக்கையில், சத்தம் வந்த இடது மூலையில், சரியாக அந்தச் சில்லுக்கு மேலே ஏறி உட்கார்ந்தார். கார் ஓடியது. சத்தம் முன்னையிலும் பலமாகக் கேட்டது. பரமேஸ்வரன் கண்ணை மூடினார். "பெயரிங்" என்றார்.

தோமஸ் ஒட்டுசுட்டான் வரை சைக்கிளில் போய், அங்கே செத்துக்கிடந்த ஒரு காரிலிருந்து பெயரிங்கைக் கழற்றிவந்து மாற்றினார். சத்தம் போகவில்லை. "நான் அப்பவே யோசிச்சனான், மட்காட் உள்ளுக்கு வந்திட்டுது" என்றார் பரமேஸ்வரன். தோமஸ் சுத்தியலால் மட்காட்டை உள்ளேயிருந்து வெளியே அடித்தார். பல்வலிக்காரரின் கன்னம் மாதிரிக் காரின் ஒரு பக்கம் வீங்கியது. சத்தம் போகவில்லை. இடது சில்லை வலதுக்கும் வலது சில்லை இடதுக்கும் மாற்றச் சொன்னார் பரமேஸ்வரன். மாற்றினார்கள். சத்தத்துக்கு இடது எது வலது எது என்று நன்றாகவே தெரிந்திருந்தது. அது தன் இடத்தைவிட்டு அசையவில்லை.

"அண்ணை, ஒரு விசயம்" என்றார் தோமஸ் தயங்கித் தயங்கி. "நான் தனியப் போகேக்கை சத்தம் அவ்வளவா வாறேல்லை. நீங்கள் ஏறினாத்தான் வருகுது."

நீங்களும் நானும் என்றால் இந்த இடத்தில் கொஞ்சம் யோசித்திருப்போம். பரமேஸ்வரன் யோசிக்கவில்லை. பூரித்துப்போனார்.

"பாத்தீரே! தெரிஞ்ச ஆள் ஏறினாத்தான் வருத்தம் வெளியிலை வரும். டொக்டரைக் கண்ட உடனை இருமல் வாறதில்லையே? அதுமாதிரி."

தோமஸ் இன்னொன்றும் சொன்னார்: கார் நேரே போகவில்லை, பின்பக்கம் ஒரு பக்கமாக இழுபட்டு, நண்டு மாதிரிச் சரிந்து போகிறது என்றார். அப்போதுதான் பரமேஸ்வரனின் வாயிலிருந்து அந்த மந்திரச் சொல் வந்தது.

"அலைன்மென்ட்."

அதன் பிறகு ஒரு கிழமைக்குக் குடியிருப்பில் அந்தச் சொல்லைத் தவிர வேறு பேச்சில்லை. கிணற்றுக் கப்பி சிக்கினாலும் அலைன்மென்ட், கொட்டில் சரிந்தாலும் அலைன்மென்ட். சில்லுகள் ஒரே நேரில் நிற்கின்றனவா என்று அலைன்மென்ட் பார்க்கப் பரமேஸ்வரன் வலை நூல் கேட்டார். தோமஸ் ஒரு நுனியை முன்சில்லில் பிடித்தார், அவருடைய மனைவி புனிதம் மறு நுனியைப் பின்சில்லில் பிடித்தா. வெயிலில் இருவரும் குந்தியிருக்க, பரமேஸ்வரன் பாலைமர நிழலில் நின்று கண்ணை மூடிக்கொண்டார்.

"கண்ணை மூடிக்கொண்டு நூல் பாக்கிற ஆளை நான் இண்டைக்குத்தான் காணுறன்" என்றா புனிதம்.

"பிள்ளை, நூல் பாக்கிறது கண்ணாலை இல்லை, அனுபவத்தாலை" என்றார் பரமேஸ்வரன். பிறகு தீர்ப்புச் சொன்னார்: "காரிலை ஒரு பிழையும் இல்லை. றோட்டிலைதான் அலைன்மென்ட் பிழை."

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். றோட்டைப் பார்த்தவர் எவரும் அதை மறுக்க முடியாது.

இந்த இடத்தில் நான் சிரித்துவிட்டுக் கதையை முடித்திருக்கலாம். ஆனால் அடுத்த கிழமை ராக்காயிக்கு வயிற்றுவலி வந்துவிட்டது.

ராக்காயியும் அவ கணவர் தங்கராசாவும் மலைநாட்டிலிருந்து எழுபதுகளில் கலவரத்துக்குத் தப்பி வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் கச்சான் கடலை போட்டவர்கள். எங்கள் எல்லோருக்கும் முன்பே அந்த மண்ணில் இருந்தவர்கள். ராக்காயி சாதாரணமாக வலி என்று சொல்லுகிற ஆள் இல்லை. காலையிலிருந்து வயிற்றின் வலப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தவ, மத்தியானம் வாந்தியெடுத்து, பேச முடியாமல் போனபோதுதான் தங்கராசா ஓடிவந்தார்.

"தோமசண்ணே, காரை எடுங்க. அவ மொகத்தப் பாக்க முடியலண்ணே."

தோமஸ் காபரேற்றருக்குப் பெற்றோல் காட்டினார். தங்கராசா முன்னால் ஏறினார். பின்னால் புனிதம் ஏறி, ராக்காயியின் தலையை மடியில் வைத்துக்கொண்டா. கார் அசையப்போகும்போது இடதுபக்கக் கதவு திறந்தது. ராக்காயியின் கால்கள் மடங்கின. கார் ஒரு பக்கமாகத் தாழ்ந்தது. பரமேஸ்வரன் ஏறிவிட்டார்.

"நீங்கள் எங்கையண்ணை?" என்றா புனிதம்.

"என்ன பிள்ளை கேக்கிறாய்? வழியிலை சத்தம் வந்தா ஆர் கேக்கிறது?"

அவசரத்தில் இருக்கிறவர்களுக்குப் பதில் தோன்றாது. அந்தத் தைரியத்தில்தான் இந்தப் பிறவிகள் வாழ்கின்றன.

காட்டுப் பாதையில் கொஞ்சத் தூரம் போனதும் கிர்ர்ர் தொடங்கியது. ஒவ்வொரு கிடங்கிலும் கார் விழுந்தபோது ராக்காயி பல்லைக் கடித்தா, சில்லு கத்தியது, பரமேஸ்வரன் "ம்" என்றார். பிறகு ரப்பர் கருகிய மணம். பிறகு பின்பக்கத்தில் புகை. தோமஸ் காரை நிறுத்தினார்.

"கிளச் எரியுது" என்றார் பரமேஸ்வரன்.

ராக்காயியைத் தவிர எல்லோரும் இறங்கினார்கள். தோமஸ் குனியப் போனார். "குனியாதேயும், சூடு ஆறட்டும். முதலிலை ஸ்ராட் பண்ணும், நான் கேக்கிறன்" என்றார் பரமேஸ்வரன். தோமஸ் ஸ்ராட் பண்ணினார். நிறுத்தச் சொன்னார். மறுபடி ஸ்ராட் பண்ணச் சொன்னார். பின் இருக்கையிலிருந்து வந்த முனகல் இப்போது வேறு மாதிரி இருந்தது. தங்கராசா கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஐயா, அவ தாங்கமாட்டாய்யா. ஏதாச்சும் பண்ணுங்க."

"தங்கராசா, அந்தரப்பட்டால் சத்தம் பிடிபடாது. நான் போய்ச் சில்லுத் தடத்தைப் பாத்திட்டு வாறன். தடம் பொய் சொல்லாது." கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வந்த வழியே நிதானமாக நடந்து, பாதையின் வளைவில் மறைந்தார்.

ராக்காயி கண்ணைத் திறந்தா. "அந்த ஐயா வர்றதுக்குள்ள என்னான்னு பாத்துருங்கண்ணே" என்றா. "அவரு வந்தா நான் போயிருவேன்."

தோமஸ் அப்படியே புழுதியில் குப்புற விழுந்து காருக்குக் கீழே தலையை விட்டார். பார்க்க ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. இடதுபக்க ஸ்பிரிங் தகடுகளில் பெரிய தகடு இரண்டாக முறிந்திருந்தது. அது தாங்காததால் பின் அச்சு ஒரு பக்கமாகப் பின்னுக்கு நகர்ந்து, அந்தப் பக்கம் பாரம் ஏறும்போதெல்லாம் காரின் உடம்பு சில்லின் மேல் குந்தியிருக்கிறது. நண்டு நடையும் அதுதான், கிர்ர்ரும் அதுதான். ரயரின் உள்பக்கம் தேய்ந்து நூல் தெரிந்தது. முறிந்த இடம் துருவேறிக் கறள் பிடித்திருந்தது. முதல் நாளே குனிந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். தோமசுக்கு அழுகை வரப்பார்த்தது. கடலில் இயந்திரம் நின்றால் மூழ்கியாவது பார்க்கிற மனிதன், தரையில் ஒருவர் தடுத்தார் என்பதற்காகக் குனியாமல் இருந்திருக்கிறான்.

அழ நேரமில்லை. "தங்கராசாண்ணை, கத்தி இருக்கே? ஒரு பாலைக்கட்டை, இந்தளவு!" என்று கையால் காட்டினார். தங்கராசா வெட்டிவந்தார். ஜக்கை வைத்துக் காரைத் தூக்கி, அச்சை உதைத்து முன்னுக்குத் தள்ளி, அச்சுக்கும் காரின் சட்டத்துக்கும் இடையில் கட்டையை அடை கொடுத்து, டிக்கியில் கிடந்த பழைய நங்கூரக் கயிற்றால், எந்தப் புயலிலும் அவிழாத முடிச்சுகளைப் போட்டு இறுக்கினார். விரலில் இரத்தம். சில்லைக் கையால் சுற்றினார். சத்தமில்லாமல் சுற்றியது.

"ஓடும்" என்றார். "ஆனால் இந்த மூலையிலை இனிப் பாரம் ஏத்தேலாது."

எல்லோரும் பாதையின் வளைவைப் பார்த்தார்கள். அங்கே யாரும் இல்லை. தோமஸ் ஹோர்னை அழுத்தினார். அது ஊமையாகிப் பல காலம். தங்கராசா "ஐயா" என்று கூப்பிட்டார். நான் பக்கத்தில் நின்றிருந்தால் எனக்கே கேட்டிருக்காது.

"காட்டுக்கை ஒரு மனுசனை விட்டிட்டு..." என்றார் தோமஸ். "ஆனை வாற இடம், புனிதம்."

"வந்தார் எண்டால் ஏறுவார். ஏறினார் எண்டால் இறங்கமாட்டார். இந்த மனுசி செத்துப்போவா. இஞ்சேருங்கோ, காரை எடுங்கோ!"

தோமஸ் காரை எடுத்தார்.

மல்லாவி ஆஸ்பத்திரியில் உடனே ராக்காயிக்கு வயிற்றை வெட்டினார்கள். குடல்வால். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் உள்ளேயே வெடித்திருக்கும் என்று டொக்டர் சொன்னபோது தங்கராசா வெளிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார். தோமஸ் அவருக்குத் தேத்தண்ணி வாங்கிக்கொடுத்து, புனிதத்தை அங்கே துணைக்கு விட்டுவிட்டு, பொழுதுபடுமுன் தனியே திரும்பினார். வழியெல்லாம் இரண்டு பக்கக் காட்டையும் பார்த்துக்கொண்டு வந்தார். எப்படி மன்னிப்புக் கேட்பது என்று வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். கார் நின்ற இடத்தில் இறங்கிக் கூப்பிட்டார். பதிலில்லை. ஆனை இலத்தியைக் கண்டதும் இன்னும் பலமாகக் கூப்பிட்டார்.

குடியிருப்புக்குள் கார் நுழைந்தபோது பாலைமரத்தின் கீழ் ஒரு கூட்டம். நடுவில் ஒரு கதிரை. கதிரையில் பரமேஸ்வரன். விறகு ஏற்றிவந்த யாரோ ஒருவருடைய சைக்கிள் கரியரில் வந்து சேர்ந்திருந்தார். வழியில் அந்தச் சைக்கிளின் பின்சில்லிலும் ஒரு குறை கண்டுபிடித்திருந்தார்.

"பாரத்தாலைதான் உரசுது எண்டு எனக்கு அந்த இடத்திலை விளங்கிப்போச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "சொன்னால் இறங்கவேண்டாம் எண்டு அழுவினம். அதுதான், தடம் பாக்கிறன் எண்டு ஒரு சாட்டுச் சொல்லி இறங்கி நடந்தன். ஒரு உயிர் தப்பவேணும் எண்டால் ஒருத்தன் இறங்கத்தானே வேணும்?"

கூட்டத்தில் ஒருவர் கண்ணைத் துடைத்தார். தோமஸ் காரிலிருந்து இறங்கி வந்தார். வழியெல்லாம் சேர்த்துவைத்த மன்னிப்பு வாய்வரை வந்துநின்றது. பரமேஸ்வரன் எழுந்து அவருடைய தோளில் தட்டினார். "யோசியாதேயும் தம்பி. ராக்காயி எப்பிடி?"

"தப்பீட்டா அண்ணை" என்றார் தோமஸ். பிறகு, தன்னையறியாமலே, "பெரிய உபகாரம்" என்றும் சொல்லிவிட்டார்.

தையல் வெட்டி வீட்டுக்கு வந்த ராக்காயியிடம் இதை ஒன்றுவிடாமல் சொன்னா புனிதம். ராக்காயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலிக்க வலிக்கச் சிரித்தா. "அவரு எறங்குனது நெசந்தானே புள்ள" என்றா. "அது ஒண்ணுதான் அவரு செஞ்சாரு. ஆனா அதச் செஞ்சாருல்ல?" அந்தப் போகத்தில் விளைந்த கச்சானில் ஒரு பை பரமேஸ்வரனுக்கும் போயிற்று. அவர் அதை வாங்கிக் காதருகே குலுக்கிப் பார்த்து, காய்ந்தது போதாது என்றார்.

இனி உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையில் தோமஸ் பாலைக்கட்டையை வைத்தார் என்று வாசித்தீர்கள் அல்லவா, அப்போது, "பாலை வெடிக்குமே, முதிரைக்கட்டையல்லவோ வைக்கவேண்டும்" என்று உங்களுக்குத் தோன்றியதா? கயிற்றுக்குப் பதில் கம்பியால் கட்டியிருக்கலாம் என்று? முறிந்தது ஸ்பிரிங் தகடாக இராது, வேறு ஏதோ என்று? நீங்கள் அந்தக் காரைக் கண்டதுமில்லை, அந்தக் காட்டைக் கண்டதுமில்லை. இருந்தாலும் தோன்றியது, அப்படித்தானே? மெத்தச் சந்தோசம். ஒரு சின்ன வேண்டுகோள்: இனி யாராவது நோயாளியை ஏற்றிக்கொண்டு அவசரமாகப் புறப்பட்டால், நீங்கள் வாசல் படலையடியில் நின்று கையசைத்து வழியனுப்புங்கள். அந்த உதவியே போதும்.