வாத்துக்கு எத்தனை அப்பா?

"உங்க வாத்து என் பொண்ணோட வாத்தைத் தும்மியே கரைக்குத் தள்ளிடுச்சு சார்!"

போனின் மறுமுனையில் ஒரு தாய் விம்மினாள். ஒட்டு சார் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். யாராவது அழுதால் உட்கார்ந்துகொண்டு பேச அவருக்கு வராது.

"அழாதீங்கம்மா. எங்க வாத்து அப்படிப்பட்ட வாத்து இல்லம்மா."

"அப்போ நான் பொய் சொல்றேனா?"

"ஐயையோ, அப்படிச் சொல்லலம்மா..."

"குழந்தை சாப்பிட மாட்டேங்குது சார். 'நான் என்னம்மா தப்பு செஞ்சேன், ஏன் என்னைத் தள்ளுச்சு'ன்னு கேட்டுக்கிட்டே இருக்கு. நான் என்னத்தைச் சொல்லுவேன்?"

ஒட்டு சாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நானே சரி பண்றேம்மா, என் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் போனை வைத்தார்.

பெற்றவர்கள் அவருக்கு நல்ல பெயர்தான் வைத்திருந்தார்கள். ஆனால் கம்பெனியின் கம்ப்யூட்டர் விளையாட்டில் எங்கே ஓட்டை விழுந்தாலும் ஒட்டுப்போடுவது அவர் வேலை என்பதால், அலுவலகத்தில் அந்தப் பெயரை எல்லோரும் மறந்து போனார்கள். சின்னக் கம்பெனி. புகார் போனை எடுப்பதும் அவரேதான்.

அந்த விளையாட்டை நீங்கள் பார்த்திருந்தால் உங்களுக்கே கொட்டாவி வந்திருக்கும். ஒரு குளம். அதில் அப்பா வாத்து, அம்மா வாத்து, குஞ்சு வாத்து; ஆடுகிறவர்களுக்கு ஆளுக்கொன்று. எல்லோரும் நீந்திப் போய்ப் பூப் பறித்துக் கூடையில் போடவேண்டும். கூடை நிறைந்ததும் கட்டிப்பிடித்துக்கொள்ளவேண்டும். அவ்வளவுதான். வெற்றி கிடையாது, தோல்வி கிடையாது. நடுநடுவே வாத்து அழகாக ஒரு தும்மல் போடும், குழந்தைகள் சிரிப்பதற்காக.

முதலாளியம்மா அதில் கண்டிப்பானவர். அந்த அலுவலகத்தில் 'போட்டி' என்ற சொல்லை யாரும் வாய்தவறிக்கூடச் சொல்லமாட்டார்கள். லிப்டுக்கு இரண்டு பேர் சேர்ந்தாற்போல் ஓடினால்கூடக் கூப்பிட்டு விசாரிப்பார்.

அப்படிப்பட்ட விளையாட்டை வைத்துக்கொண்டு ஊரில் ஒரு கூட்டம் யுத்தம் நடத்திக்கொண்டிருந்தது. வளர்ந்த மனிதர்கள், வேலைவெட்டி உள்ளவர்கள், ஞாயிறுதோறும் ஒரு கூடத்தில் கூடி, யார் முதலில் கூடையை நிரப்புவது என்று மோதிக்கொண்டார்கள். கட்டிப்பிடிக்கும் கட்டம் வந்தால் நேரம் வீணாகிறதென்று பல்லைக் கடித்தார்கள். எந்த நொடியில் தும்ம வைத்தால் பக்கத்து வாத்து கரைக்குப் போய் விழும் என்று கண்டுபிடித்ததும் அவர்கள்தான்.

புகாரைக் கேட்ட முதலாளியம்மா கோபப்படவில்லை. கோபம் வந்தால் அவர் குரல் இன்னும் மெதுவாகிவிடும். மேசையிலிருந்த ரப்பர் வாத்தை மட்டும் எடுத்து அமுக்கினார். அது 'பீக்' என்றது.

"ஒட்டு சார், நம்ம வாத்து யாரையும் தள்ளக்கூடாது."

"தள்ளாதும்மா. நாளைக்கே சரி பண்ணிடறேன்."

சொன்னபடி பண்ணினார். தும்மலில் இருந்த தள்ளுவிசையைப் பிடுங்கிவிட்டதாக நினைத்து நிம்மதியாக வீட்டுக்குப் போனார். பாழாய்ப்போன விசை எங்கேயும் போகவில்லை. தும்மிய வாத்தின் வயிற்றுக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டது. தும்மினால் போதும், வாத்து பின்பக்கமாகப் பறந்து குளத்தை ஒரே பாய்ச்சலில் தாண்டியது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அதற்கு 'ராக்கெட்' என்று பெயர் வைத்துக் கொண்டாடியது. வேடிக்கை பார்க்கவே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

சில நாளில் போன் அடித்தது.

"சார், நான் ரெட்டைப் பிள்ளைங்களோட அம்மா பேசறேன்." விம்மல். "வாத்து பறக்குறதைப் பார்த்துட்டு ரெண்டும் தும்மிக்கிட்டே கட்டில்ல இருந்து குதிக்குதுங்க சார்!"

அழும்போது எல்லாத் தாய்மார் குரலும் ஒரே மாதிரிதான் இருக்கும் போல என்று ஒட்டு சார் நினைத்துக்கொண்டார். அவர் மனசு இளகிய மனசு.

இந்த முறை வாத்தின் காலைத் தண்ணீரோடு சேர்த்துக் கட்டிப்போட்டார். பறக்கவில்லை. ஆனால் ஒட்டும் குணம் கொஞ்சம் தாராளமாகிவிட்டது. கட்டிப்பிடித்த இரண்டு வாத்துகள் அதன்பிறகு பிரியவே இல்லை. ஒரே உடம்பு, இரண்டு தலை, இரட்டை வேகம். கூட்டம் இதற்குக் 'கல்யாணம்' என்று பெயர் வைத்தது. கட்டிப்பிடிக்கச் சொன்னால் முகம் சுளித்தவர்களெல்லாம் இப்போது யாரைக் கட்டிப்பிடிக்கலாம் என்று அலைந்தார்கள்.

மறுபடியும் ஒரு தாய் அழுதாள். மறுபடியும் ரப்பர் வாத்து 'பீக்' என்றது.

வீட்டில் மனைவி கேட்டாள், "ஏங்க இப்படி முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கீங்க?"

"ரெண்டு வாத்து ஒட்டிக்கிச்சு. பிரிக்கணும்."

"நீங்களா?"

"பின்னே? பதினேழு வருஷமா இந்த வேலைதானே பார்க்கறேன்."

"அதுக்கில்லைங்க. சொட்டுச் சொட்டா ஒழுகுன குழாயை நீங்க சரி பண்ணப் போய்த்தான், போன மாசம் சமையலறையில நாம நீச்சலடிச்சோம்."

"குழாய் வேற, வாத்து வேற" என்று ஒட்டு சார் ரோஷத்தோடு எழுந்துபோனார்.

வாத்துகளைப் பிரித்தார். பிரித்தார் என்றால் சாதாரணமாகப் பிரிக்கவில்லை, பிரிந்துகொண்டே இருக்கும்படி பிரித்துவிட்டார். கட்டிப்பிடித்து விலகும்போதெல்லாம் புதிதாக ஓர் அப்பா வாத்து முளைத்தது. கொஞ்ச நேரத்தில் குளம் முழுக்க அப்பா வாத்துகள். ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு பூப் பறித்தன.

இந்தத் தடவை போனில் வந்த தாய் அழவில்லை, வெடித்தாள்.

"குடும்ப விளையாட்டுன்னு பெட்டியில போட்டிருக்கீங்களே, இது எந்த ஊர்க் குடும்பம் சார்? ஒரு அம்மா, ஏழு அப்பா! 'நம்ம வீட்ல மட்டும் ஏன் ஒரு அப்பா'ன்னு எம்புள்ள கேக்குறான். என் வீட்டுக்காரர் எழுந்து வெளிய போயிட்டார்!"

ஒட்டு சார் போனை மறு காதுக்கு மாற்றினார். "அம்மா... அது... நல்ல வாத்துகள்தாம்மா எல்லாமே" என்றார்.

முதலாளியம்மா ரப்பர் வாத்தை அமுக்கிய அமுக்கில் அது 'பீக்' சொல்லக்கூட முடியாமல் மூச்சை விட்டது.

"ஒட்டு சார்," குரல் காற்றுபோல வந்தது. "இந்த ஏழு அப்பாவையும் ஒண்ணாக்கிடுங்க. அதுக்கப்புறம் ஒரே ஒரு புகார் வந்தாலும், அடுத்த நாள் நீங்க வரவேண்டாம்."

கதவுக்கு வெளியே வந்ததும் அவர் யோசிக்க ஆரம்பித்தார். இந்த வயதில் வேறு எந்தக் கம்பெனி அவரைச் சேர்த்துக்கொள்ளும்? மனைவியின் முகத்தில் எப்படி விழிப்பது?

விஷயத்தைக் கேட்ட மனைவி சற்று யோசித்தாள்.

"எனக்கு ஒண்ணு புரியல. எந்தக் குழந்தை உட்கார்ந்து ஏழு அப்பா வர்ற வரைக்கும் கட்டிப்பிடிக்க வச்சுக்கிட்டு இருக்கும்? ரெண்டு பூப் பறிச்சதுமே தூக்கிப் போட்டுட்டு வேற விளையாடப் போயிடும். இதெல்லாம் நீங்க சொல்வீங்களே, அந்த ஞாயித்துக்கிழமை வெறி புடிச்ச கூட்டத்தோட வேலை. அவங்க ஆடறதைத்தான் பிள்ளைங்க எங்கேயோ பார்க்குதுங்க. அங்கேயே போய்க் கேளுங்களேன்."

"என்னன்னு கேக்கறது?"

"கையில கால்ல விழுங்க. வேலை போனா விழறதுக்கு வேற இடமிருக்கா?"

ஞாயிற்றுக்கிழமை காலை ஒட்டு சார் போனார். கூடம் சைக்கிள் கடைக்கு மேலே இருந்தது, செங்குத்தான படி. உள்ளே பெரிய திரையில் வாத்துகள் அலைந்தன. "தும்மு! தும்மு! இப்போ தும்மு!" என்று கூடமே கத்தியது.

வாசலில் நின்றவரை லாரி டிரைவர் ஒருவர்தான் முதலில் பார்த்தார். கையிலிருந்த, வாத்தை ஓட்டும் கருவியை அப்படியே கீழே வைத்தார்.

"டாக்டரம்மா... இங்க பாருங்க. இது... அவர்தானே?"

அந்தக் கூட்டத்தின் சாம்பியன், பல் டாக்டரான ஓர் அம்மாள், திரும்பிப் பார்த்தார். திரும்பியவர் எழுந்து நின்றுவிட்டார். பின்னாலேயே கூடம் மொத்தமும் எழுந்தது. யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். ஒட்டு சார் தனக்குப் பின்னால் யாராவது பெரிய மனிதர் வருகிறாரா என்று பார்த்தார். படியில் ஒரு பூனைகூட இல்லை.

மேசையில் வெற்றிக்கோப்பை இருந்தது. அதன் உச்சியில் சின்னதாக ஒரு படம். கம்பெனி விளம்பரத்திலிருந்து வெட்டியெடுத்த, பொம்மை வாத்தைக் கட்டிக்கொண்டு சிரிக்கும் அவருடைய முகம்.

"உட்காருங்க சார், உட்காருங்க. உங்களை நேர்ல பார்ப்போம்னு நாங்க கனவுலகூட நினைக்கல" என்றார் டாக்டரம்மா. "யாரங்கே, சாருக்கு டீ!"

கூடத்தில் டீ விற்கும் அம்மாள் டம்ளரோடு வந்தார். எல்லோரிடமும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவர், ஒட்டு சாரைக் கண்டதும் உதட்டை இறுக மூடிக்கொண்டு, டம்ளரை நீட்டிவிட்டு மூலைக்குப் போய்விட்டார். கூச்ச சுபாவம் போலிருக்கிறது என்று இவர் எண்ணினார்.

மரியாதையைக் கண்டு அவருக்கு அழுகையே வந்துவிட்டது. மனதில் கட்டி வைத்திருந்த பேச்செல்லாம் பறந்து போனது.

"ஐயா, அம்மா, நான் சண்டை போட வரல. உங்ககிட்ட கெஞ்ச வந்திருக்கேன். ஊர்ல தாய்மார்கள் அழறாங்க. ஒருத்தி இல்ல, வரிசையா. குழந்தைங்க சாப்பிடல, கட்டில்ல இருந்து குதிக்குதுங்க, ஒரு வீட்ல புருஷனே கோவிச்சுக்கிட்டு வெளிய போயிட்டார். நானும் போன்ல அவங்களோட சேர்ந்து அழுதேங்க. இன்னும் ஒரு புகார், ஒரே ஒரு புகார் வந்தா என் வேலை போயிடும். கொஞ்ச நாளைக்கு நீங்க ஒழுங்கா பூ மட்டும் பறிங்களேன். உங்களுக்குக் கோடி புண்ணியம்."

லாரி டிரைவர் தலை குனிந்து செருப்பைப் பார்த்தார். பின்வரிசையில் யாரோ தேவையில்லாமல் இருமினார்கள்.

"வேலையே போயிடுமா சார்?" டாக்டரம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "இவ்வளவு தூரம் போகும்னு எங்களுக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது."

"உங்க மேல தப்பில்லம்மா..."

"இல்ல சார். கேளுங்க. நீங்க அந்தக் கம்பெனியில இல்லாட்டி எங்களுக்கு ஆட்டமே இல்ல. இனிமே உங்களுக்கு ஒரு புகாரும் வராது. இது என் வாக்கு."

"நீங்க ஆடறதை நிறுத்தலாம்மா. ஆனா ஊர்த் தாய்மார்கள் புகார் சொல்லமாட்டாங்கன்னு நீங்க எப்படி வாக்குக் குடுக்க முடியும்?"

டாக்டரம்மா லாரி டிரைவரைப் பார்த்தார். அவர் மேலே கூரையைப் பார்த்தார். அந்த இக்கட்டில், மூலையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்த டீக்கார அம்மாள், பாவம், அதற்குமேல் அடக்கமுடியாமல், ஒட்டு சாருக்கு மிகவும் பழக்கமான ஒரு குரலில் கேட்டார்:

"அப்போ நாளைக்கு நான் போன் போட்டு அழவேண்டாமாக்கா? சார் சரி பண்ணக் கை வச்சாத்தானே நமக்குப் புதுசு புதுசா ஏதாவது கெட்டுக் கிடைக்கும்னு சொன்னீங்க!"