சாமி இல்லாத வேன்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஓடும் தமிழர் வேன்களிலேயே சாமி இல்லாத வேன் ஒன்றே ஒன்றுதான். அது மொட்டை அண்ணனுடையது. மறுக்க நினைப்பவர்கள் தெலுக் இந்தானிலிருந்து லூமுட் வரை போய்த் தேடிப் பார்த்துக்கொள்ளலாம். பெட்ரோல் செலவு அவர்களுடையது.

மொட்டை அண்ணனுக்குத் தலையில் முடிக்குக் குறைவே இல்லை. ஐம்பதைத் தாண்டியும் சீப்பை உடைக்கிற சுருட்டை. மொட்டையாக இருந்தது அவருடைய வேனின் டேஷ்போர்டு. மற்ற வேன்களில் ஏறினால் கர்ப்பகிரகத்துக்குள் தவறி நுழைந்துவிட்ட மாதிரி இருக்கும். முருகன், பக்கத்தில் பிள்ளையார், கலர் பல்பு சுற்றிய அம்மன், கண்ணாடியில் தொங்கும் எலுமிச்சம்பழம், இவர்களுக்கு நடுவே கொஞ்சம் ரோடும் தெரியும். மொட்டை அண்ணனிடம் இருந்தவை ஓர் ஈரத்துணி, டயரில் காற்று பார்க்கும் மீட்டர், வாந்தி வருகிறவர்கள் வாயில் அடக்கிக்கொள்ள ஒரு பாக்கெட் அசாம்போய், அந்த உப்பும் புளிப்புமான உலர்ந்த பழம். இவ்வளவுதான் அவருடைய பூஜை அறை.

அப்போது நான் ஈப்போவில் ஒரு கையுறை ஃபேக்டரியில் வேலை பார்த்தேன். நாங்கள் குடியிருந்த தோட்டம் கைமாறியபின் எங்கள் குடும்பங்கள் பத்து காஜா பக்கம் ஒரு தாமான் குடியிருப்பில் வந்து குடியேறியிருந்தன. விடிகிற நேரத்துக்கு வேன் வந்து நிற்கும், பெண்கள் நாங்கள் தூக்கக் கலக்கத்தோடு ஏறுவோம். பழைய வேன்காரர் ஓய்வு பெற்று, அவர் இடத்துக்கு மொட்டை அண்ணன் வந்த முதல் நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

முன் சீட் பாக்கியம் அக்காவுடையது. எங்கள் கூட்டத்துக்கு அவர்தான் தலைவி. யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, குரலின் அளவைப் பார்த்து நாங்களே விட்டுக்கொடுத்தோம். செவ்வாய் விரதம், வெள்ளி விரதம், மனசு சரியில்லாவிட்டால் புதனும் விரதம். ஏறி உட்கார்ந்து, கையைக் கூப்பி, டேஷ்போர்டைப் பார்த்தார். கும்பிட ஆள் இல்லை. கூப்பிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தார்.

"அண்ணே, வேன்ல சாமி இல்லயே?"

"இல்ல தங்கச்சி. சீட் பெல்ட் இருக்கு, போடுங்க."

பாக்கியம் அக்கா விடுகிற ஆளில்லை. மெங்லெம்பு வருவதற்குள் விசாரணை முடிந்தாக வேண்டும்.

"ஏண்ணே, வீட்டுல யாராச்சும் சின்ன வயசுலயே தவறிட்டாங்களா?"

"இல்லலா. எல்லாரும் நல்லா இருக்காங்க."

"பொண்ணு யாராச்சும் ஏமாத்திட்டாளா?"

"ஏமாத்துற அளவுக்கு யாரும் கிட்ட வரல."

"பெறகு ஏன் சாமி இல்லங்குறீங்க?"

"யோசிச்சுப் பாத்தேன். தோணல."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

ஒரு நல்ல கண்ணீர்க் கதை கைக்கு எட்டாமல் போன ஏமாற்றம் அக்காவின் முகத்தில் அன்று முழுக்க இருந்தது.

பின் சீட்டில் ரோசலின். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். அவளுக்கும் பாக்கியம் அக்காவுக்கும் யார் சாமி பெரிது என்று தினமும் லஹாட் வரைக்கும் சண்டை நடக்கும். இருவரையும் ஒரே வாரத்தில் சேர்த்துவைத்த பெருமை மொட்டை அண்ணனையே சேரும்.

"முருகன்தான் வேணும்னு நான் கேக்கல அண்ணே. மாதா படம் வேணும்னாலும் வைங்க," என்றார் அக்கா.

"ஐயோ, முருகனே இருக்கட்டும் அண்ணே. யாராச்சும் ஒருத்தர் இருந்தாப் போதும்லா," என்றாள் ரோசலின்.

"யாராச்சும் இருந்தா, அவரு பாத்துக்குவாருன்னு நான் விட்டுருவேன் தங்கச்சி. யாரும் இல்லாததாலதான் பயந்து பயந்து ஓட்டுறேன்."

பயந்துதான் ஓட்டினார். ஈ காக்கை இல்லாத முச்சந்தியில், விடிந்தும் விடியாத நேரத்தில், சிவப்பு விளக்குக்கு நிற்பார். நாய் குறுக்கே வந்தால் அது முடிவெடுக்கும் வரை காத்திருப்பார். தினமும் காலையில் ஒவ்வொரு டயருக்கு முன்னாலும் முட்டி போட்டு உட்கார்ந்து பார்ப்பார். "பாத்தியா, திருட்டுத்தனமா கும்பிடுறாரு," என்று ரோசலின் என் காதில் சொல்வாள்.

பாக்கியம் அக்காவின் கட்சி வேறு. "சாமி பயம் இல்லாதவன் வேற எதுக்குப் பயப்படுவான்? நாளைக்கே நம்மள நடுக்காட்டுல எறக்கி விட்டுட்டுப் போனா?"

முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு ரகசியம் பேசினால் டிரைவருக்குக் கேட்கத்தானே செய்யும். "எறக்கி விட்டா உங்களுக்குக் கஷ்டம்ல தங்கச்சி? அத ஒரு சாமி வந்துதான் சொல்லணுமா?" என்றார் அண்ணன்.

பெண்கள் காரியத்தில் இறங்கினார்கள். அக்கா சீட்டுக்கு அடியில் விபூதிப் பொட்டலம் வைத்தார். ரோசலின் வெயில் தடுப்பு மடிப்புக்குள் மாதா பதக்கத்தைச் செருகினாள். பின்னால் யாரோ ஓர் எலுமிச்சம்பழத்தையே உருட்டிவிட்டிருந்தார்கள். அண்ணன் வாரம் தவறாமல் வேனைக் கழுவுகிறவர், எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டார். பதக்கத்தைத் துடைத்து அதே இடத்தில் செருகினார். பொட்டலம் ஈரமாகாமல் பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்தார். எலுமிச்சம்பழம் மட்டும் அழுகியிருந்ததால் தூக்கி எறிந்துவிட்டு, கேட்டபோது புதிதாக ஒன்று வாங்கித் தந்தார். "அடுத்தவங்க சாமான்லா," என்று விளக்கம் வேறு.

தைப்பூசத்துக்கு எங்களை ஈப்போ கோயிலுக்கு ஏற்றிப் போனவரும் அவர்தான். உள்ளே வரமாட்டார். வாசலில் எங்கள் செருப்புகளுக்குக் காவல் இருப்பார். அன்னதான வரிசையில் மட்டும் அவரை முந்த முடியாது. கேட்டால், "சோத்து மேல எனக்கு நம்பிக்க இருக்கு," என்பார்.

இப்படியே போயிருக்கும். தாமானுக்குப் புதிதாக ஒரு வேன் வந்து கெடுத்தது. ஏர்கோன் ஜில்லென்று இருக்கும், பக்திப் பாட்டு ஓடும், டேஷ்போர்டில் இடம் போதாமல் சாமிகள் கண்ணாடி வரைக்கும் ஏறியிருந்தார்கள். "வர்ற வெள்ளிக்கெழம நல்ல நாளு. எல்லாரும் மாறிருவோம்," என்று அறிவித்தார் பாக்கியம் அக்கா. நாங்கள் மாறினால் மொட்டை அண்ணனுக்குப் பிழைப்பு இல்லை. தவணை கட்ட முடியாத வேனை பேங்க்காரன் வந்து இழுத்துக்கொண்டு போய்விடுவான். எங்கள் எல்லோருக்கும் அது தெரியும்.

அக்கா விஷயத்தைச் சொன்னபோது அண்ணன் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சரி தங்கச்சி. அந்த வேன்ல பின் டயர் ரொம்பத் தேஞ்சிருக்கு. மாத்தச் சொல்லிட்டு ஏறுங்க," என்றார். பிறகு கையை நீட்டி ஓர் அசாம்போய் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அவர் அதைச் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை.

வியாழக்கிழமை நல்ல மழை. பெரிய ரோட்டில் தண்ணீர் நின்றதால் அண்ணன் மெங்லெம்பு கடைகளுக்கு நடுவே போகும் சந்தில் வேனைத் திருப்பினார். எதிரே ஒரு லாரி. பின்னால் எடுத்தார். டமார் என்று ஒரு சத்தம். அண்ணன் இறங்கிப் பார்த்தால், சீனர் கடை வாசலில் சிவப்புச் சாயம் அடித்துச் சின்னதாக ஒரு கோயில் இருக்குமே, இடத்தைக் காக்கிற டத்தோ சாமி கோயில், அதன் கூரை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. உலகத்தில் இடிப்பதற்கு எவ்வளவோ இருக்க, சாமி இல்லாத மனிதர் நேராகப் போய் ஒரு சாமி வீட்டை இடித்திருந்தார். தொப்பி போட்ட டத்தோ மட்டும் மழையில் நனைந்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

கடை பூட்டியிருந்தது. லாரியும் போய்விட்டது. சந்தில் ஒரு பூனைகூட இல்லை.

"அண்ணே, எடுங்க வண்டிய! போலாம்!" என்று வேனே அலறியது. விரதம் இருந்தவர்கள், ஜெபம் சொன்னவர்கள் எல்லாருக்கும் அன்று ஒரே குரல்.

"யாரும் பாக்கலலா அண்ணே!" என்றார் பாக்கியம் அக்கா.

மொட்டை அண்ணன் நிஜமாகவே குழம்பிப்போனார். "என்ன தங்கச்சி இது? ஒங்க சாமி எப்பவும் பாத்துக்கிட்டே இருக்கும்னு நீங்கதானே தெனமும் சொல்றீங்க. இன்னைக்கு லீவா?"

அக்கா தலையை ஜன்னலுக்குள் இழுத்துக்கொண்டார்.

அவர் ஈரத்துணியைப் பிழிந்து டத்தோவின் முகத்தைத் துடைத்தார். ஒரு பிளாஸ்டிக் பையைப் பிரித்து அவர் தலைக்குமேல் கூரையாகக் கட்டினார். பிறகு கடைக்கார ஆன்ட்டி வந்து கதவு திறக்கும்வரை மழையில் நின்றார். நாங்கள் ஃபேக்டரி சூப்பர்வைசரின் முகத்தை நினைத்து உள்ளே நடுங்கிக்கொண்டிருந்தோம்.

ஆன்ட்டி வந்தார். பார்த்தார். தெரு அதிர்ந்தது. "சியாப்பா லங்கார்?" என்று மலாயில் கத்தினார், யார் மோதியது என்று.

"சாயா, ஆன்ட்டி. நான்தான். ஞாயித்துக்கெழம வந்து புதுசாவே கட்டித் தாரேன்," என்று மலாயிலேயே சொன்னார் அண்ணன்.

கட்டித் தருவது பிறகு இருக்கட்டும், முதலில் சாமியிடம் மன்னிப்புக் கேள் என்று ஆன்ட்டி ஊதுபத்திகளைக் கொளுத்தி நீட்டினார். கும்பிடாமல் வண்டி நகராது என்று துடைப்பத்தோடு வேனுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

அண்ணன் கையை நீட்டவில்லை. "ஆன்ட்டி, எனக்கு நம்பிக்க இல்ல. நான் கும்பிட்டா அது நடிப்பு. ஒங்க சாமிகிட்ட வந்து நான் நடிக்கலாமா? தப்புலா."

"சும்மா ரெண்டு ஆட்டு ஆட்டுங்க அண்ணே, நேரமாவுது!" என்று கத்தினாள் ரோசலின்.

"பொய்யா எப்படிம்மா கும்பிடுறது?" என்றார், வழி கேட்கிறவர் மாதிரி.

துடைப்பம் ஒரு பக்கம், அண்ணன் ஒரு பக்கம், நடுவில் ஊதுபத்தி மழையில் அணையப் பார்க்கிறது. அப்போதுதான் முன் கதவு திறந்தது. பாக்கியம் அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார்.

"இங்க குடு ஆன்ட்டி. இந்த ஆளுக்குக் கும்பிடத் தெரியாது. மத்ததெல்லாம் தெரியும்."

ஊதுபத்தியை வாங்கித் தலைக்குமேல் தூக்கினார். "டத்தோ சாமி, இவரு ஓடல, ஒளியல. ஓடச் சொன்னது நாங்கதான். கோவப்படுறதா இருந்தா எங்க மேல கோவப்படு, இவர விட்டுரு!" சந்து முழுக்கக் கேட்கும்படி தமிழில் வேண்டினார். ஆன்ட்டிக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டார். ரோசலின் ஜன்னலுக்குள்ளிருந்து சிலுவை போட்டுக்கொண்டாள். நானும் எழுந்து நின்று கும்பிட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. புது வேன் பாட்டோடு வந்து எங்கள் முன்னால் நின்றது. அதன் பின்னாலேயே வழக்கம்போல மொட்டை அண்ணன் வேனும் வந்து நின்றது.

"தம்பி, பின் டயர மாத்திட்டியா?" என்று கேட்டார் பாக்கியம் அக்கா.

"அடுத்த மாசம் மாத்தலாம்க்கா. சாமி இருக்கு, பாத்துக்கும்."

"அப்ப சாமிய ஏத்திக்கிட்டுப் போ. நாங்க இதுல வாரோம்."

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கோயிலைக் கட்டிக் கொடுத்தார். ஓடு பதித்து, சிவப்புச் சாயம் அடித்து, மழைத்தண்ணீர் வடிய ஒரு சின்ன பீலியும் வைத்து, பழையதைவிட நன்றாகவே. அந்த வாரம் ஆன்ட்டி எங்கள் வேன் பிளேட் நம்பரை லாட்டரியில் வாங்க, அதற்குப் பரிசு அடித்துவிட்டது. அதற்கப்புறம் மெங்லெம்புப் பக்கம் வேன் நின்றால் போதும், யாராவது ஒரு சீன அங்கிள் பம்பருக்கு முன்னால் ஆரஞ்சுப் பழமும் ஊதுபத்தியும் வைத்துவிட்டுப் போவார். பேராக்கிலேயே சாமி இல்லாத ஒரே வேன் தானே சாமியாகிவிட்டது. அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு ஆரஞ்சை உரித்து எங்களுக்குக் கொடுப்பார். ருசியாகத்தான் இருந்தது.

அக்கா மட்டும் ஒரு புது வழக்கம் ஆரம்பித்தார். தினமும் ஏறியதும் மொட்டை டேஷ்போர்டைப் பார்த்துக் கைகூப்பி, சத்தமாக ஒரு வேண்டுதல். அண்ணனும் அது முடியும் வரை வண்டியை எடுக்காமல் காத்திருப்பார்.

நான் ஃபேக்டரி வேலையை விட்டு, சொந்தமாகக் கார் ஓட்ட ஆரம்பித்துவிட்டேன். என் டேஷ்போர்டில் முருகன் இருக்கிறார். போன வாரம் விடியற்காலையில் வெறிச்சோடிய ஒரு முச்சந்தியில் சிவப்பு விளக்குக்கு ஒரு பழைய வேன் தனியாக நின்றுகொண்டிருந்தது. பார்த்ததும் யாரென்று தெரிந்துவிட்டது. பக்கத்தில் போய் நின்றேன். சுருட்டை முடி முழுக்க நரைத்துவிட்டது, டேஷ்போர்டு அதே மொட்டை. நான் கையாட்ட, அவர் என் முன் டயரைக் காட்டி, காற்று குறைவு என்று சைகை செய்தார். விளக்கு பச்சையானதும் போய்விட்டார்.

பாக்கியம் அக்காவின் வேண்டுதல் என்னையறியாமல் என் வாயில் வந்தது. "முருகா, இவருக்கு ஒன்னத் தெரியாது. ஒனக்கு இவரத் தெரியுமில்ல? பாத்துக்க."