இடது காதில் வயலின் இல்லை

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு நம்மவர் ஒரு பயங்கரத்தைக் கண்டுபிடித்தார். அவருடைய ஹெட்ஃபோனில் இடது பக்கம் உட்கார்ந்து வாசிக்க வேண்டிய வயலின்காரர் எழுந்து போய்விட்டிருந்தார். பாட்டு மொத்தமும் வலது பக்கமாகச் சாய்ந்து கிடந்தது.

நம்மவர் என்றதும் யாரோ பெரிய மனிதர் என்று நினைத்துவிட வேண்டாம். எந்த பஸ் எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு வரும் என்று அட்டவணை போடும் அலுவலகத்தில் வேலை. அவர் போட்ட நேரத்துக்கு இன்றுவரை ஒரு பஸ் வந்ததில்லை. பஸ்ஸே மதிக்காத மனுஷனை வீட்டில் மட்டும் யார் மதிப்பார்கள்? அவருக்கே அந்தச் சந்தேகம் உண்டு.

ஆனால் ஹெட்ஃபோன் விஷயத்தில் அவர் ராஜா. சாதாரண ஹெட்ஃபோன் இல்லை, எலக்ட்ரோஸ்டேடிக். தலைமுடியைவிட மெல்லிய ஒரு படலம், அதற்கு இரு பக்கமும் துளை போட்ட தகடு, ஐந்நூற்று எண்பது வோல்ட் மின்சாரம். அதற்கென்றே தனியாக ஒரு ஆம்ப்ளிஃபயர், ஐந்து முள் வைத்த பிளக். வேறு எதிலும் செருக முடியாது. வீட்டுக்கு வந்தவர்களிடம் இதையெல்லாம் விளக்குவார். அதற்கப்புறம் அவர்கள் வருவதில்லை.

வாங்கி வந்த அன்றைக்கே மனைவியிடம் ஒரு பொய் சொல்லி வைத்தார். "இதைப் போட்டுட்டா பக்கத்துல இடி விழுந்தாலும் கேக்காதும்மா."

உண்மை என்னவென்றால், அந்த வகை ஹெட்ஃபோனின் வெளிப்பக்கம் சல்லடை. வெளியே பேசுவது அத்தனையும் உள்ளே கேட்கும். குப்பை, தண்ணீர்த் தொட்டி, மாடியில் காயும் துணி எல்லாம் சரியாக ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் நடுவில்தான் அவரைத் தேடி வரும். நாலு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு மனைவியே போய்ச் செய்துவிடுவாள். ஏழு மணிக்கு இவர் ஹெட்ஃபோனைக் கழற்றி, "கூப்பிட்டியா? கேக்கலையேம்மா!" என்பார். இரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருந்த ஏற்பாடு. ரகசியம் உடைந்தால் அந்த ஒரு மணி நேரம் போயே போச்சு.

இப்போது இடது பக்கம் மங்கிவிட்டது. துக்கப்பட வேண்டியவர் துள்ளிக் குதித்தார். காரணம், புதிதாக ஒன்று வாங்க மூன்று மாதமாக அவர் ஏங்கிக்கொண்டிருந்தார். எந்த ஹெட்ஃபோனுக்கு எந்த ஆம்ப் பொருந்தும், வால்வு வைத்ததா, வைக்காததா என்று ஆபீஸ் நோட்டில் நாற்பது பக்கம் எழுதியாகிவிட்டது. பஸ் அட்டவணைக்கு அந்தக் கவனத்தில் பாதி வைத்திருந்தால் ஊர் ஜனங்கள் வாழ்த்தியிருப்பார்கள்.

தடை ஒன்றுதான். அந்த வீட்டில் மனைவி போட்ட சட்டம்: பழையது இனி பிழைக்காது என்று ரிப்பேர்க்காரர் எழுதிக் கொடுத்தால்தான் புதியது வரும். மிக்ஸி அப்படித்தான் வந்தது. மின்விசிறி அப்படித்தான் வந்தது.

மறுநாளே ஹெட்ஃபோன், ஆம்ப் இரண்டையும் துண்டில் சுற்றிக்கொண்டு ரிப்பேர்க் கடைக்குப் போனார். ரிப்பேர்க்காரர் அதிகம் பேசாதவர். ஆம்ப்புக்கு வரும் ஒயர் இரண்டையும் இடம் மாற்றிச் செருகினார்.

"இப்ப எந்தப் பக்கம் மங்கல்?"

"இடதுதான்."

"அப்ப ஆம்ப்புக்கு வர்ற ஒயர் நல்லா இருக்கு. ஒயர்ல கோளாறுன்னா மங்கல் வலது பக்கம் போயிருக்கணும்." ஹெட்ஃபோனை வாங்கித் தன் தலையில் மாட்டிக்கொண்டார். கண்ணை மூடினார். "ரெண்டு பக்கமும் சமமாத்தான் சார் கேக்குது."

நம்மவர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். பாவம், காலம் பூரா ஈயப்புகையில் உட்கார்ந்திருக்கும் மனுஷன், காது போய்விட்டது போல.

ரிப்பேர்க்காரர் அதையும் சட்டை செய்யாமல் திருகாணிகளைக் கழற்றினார். உள்ளே விரல் வைக்கப்போன நம்மவரின் கையைத் தட்டிவிட்டார். "கரண்ட் இன்னும் கொஞ்ச நேரம் நிக்கும். அப்புறம் உங்களையும் நான்தான் ரிப்பேர் பண்ணணும்." தூசியை ஊதினார், முள்ளைத் துடைத்தார், மறுபடி மாட்டிக் கொடுத்தார்.

"இடது பக்கம் இன்னும் மங்கல்தான்!" என்றார் நம்மவர். குரலில் சந்தோஷம் பொங்கியது.

"ஒண்ணு பண்ணுங்க சார். ஹெட்ஃபோனைத் திருப்பிப் போட்டுப் பாருங்க. இடதை வலது காதுல, வலதை இடது காதுல."

நம்மவர் இரண்டடி பின்வாங்கினார். "என்ன பேசறீங்க? வயலின்காரர் உக்காந்த இடத்துல செல்லோக்காரரைக் கொண்டுபோய் உக்கார வைக்கறதா? இருபது வருஷமா பாட்டு கேக்கறேன், ஒரு தடவைகூட மாத்திப் போட்டதில்லை."

"ஒரே ஒரு நிமிஷம் சார்."

"ஒரு செகண்ட்கூட மாட்டேன். நீங்க 'சரி பண்ண முடியாது'ன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க, போதும்."

"நல்லா இருக்கற பொருளைச் செத்துப்போச்சுன்னு எழுதச் சொல்றீங்களே!" ரிப்பேர்க்காரர் துண்டோடு திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வேறு வழியில்லை. மனைவியையே சாட்சியாக்குவது என்று தீர்மானித்தார். காது ஆஸ்பத்திரி ஒன்றில் செவித்திறன் சோதிக்கும் வேலையில் இருப்பவள் அவள். அவள் வாயால் வந்துவிட்டால் அப்பீலே கிடையாது.

மனைவி ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அரை நிமிஷம் கேட்டாள். அவர் ஒரு வாரமாகப் போனை வலது காதுக்கே கொண்டுபோவதையும், சாப்பாட்டு மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டே உட்காருவதையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

"ஆமாங்க, இடது பக்கம் மோசமாத்தான் இருக்கு."

"நான் சொல்லலை?"

"சனிக்கிழமை மத்தியானம் எங்க ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டு வாங்க. மெஷின்ல வெச்சு அளந்து நானே ரிப்போர்ட் எழுதித் தர்றேன்."

அவர் காதையே அவரால் நம்ப முடியவில்லை. கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அவள் இத்தனை சுலபமாக எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை. அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆசை யாரை விட்டது?

சனிக்கிழமை. ஆஸ்பத்திரியில் சத்தம் புகாத சின்ன அறை, கனமான கதவு, ஒரு கண்ணாடி ஜன்னல். "முதல்ல எங்க ஹெட்ஃபோனைப் போட்டுக்குங்க. அதோட ஒப்பிட்டுத்தான் உங்களோடதை அளக்க முடியும். சத்தம் கேட்டா விரலைத் தூக்குங்க" என்றாள் மனைவி. விஞ்ஞானபூர்வமாகத்தான் இருந்தது. போட்டுக்கொண்டார். வலது பக்கம் 'கீச்' என்றது, விரலைத் தூக்கினார். இடது பக்கம் ரொம்ப நேரம் ஒன்றுமே இல்லை.

அவர் பதறிக்கொண்டு கதவைத் திறந்தார். "ஏம்மா, உங்க ஆஸ்பத்திரி ஹெட்ஃபோனும் இடது பக்கம் போச்சு! இத்தனை நாளா இதை வெச்சா எல்லாருக்கும் சோதனை பண்றீங்க?"

மனைவி பக்கத்து அறை டாக்டரைக் கூப்பிட்டாள். டாக்டர் விளக்கை நெற்றிக்கு இழுத்து, நம்மவரின் இடது காதுக்குள் எட்டிப் பார்த்து, "அடேயப்பா!" என்றார். இரண்டு நிமிஷம் ஏதோ உறிஞ்சியது. தட்டில் 'டப்' என்று விழுந்ததைப் பார்த்ததும் நம்மவருக்குத் தலை குனிந்துவிட்டது. ஒரு காப்பிக்கொட்டை அளவுக்கு அழுக்கு.

"எத்தனை வருஷச் சேமிப்பு சார்?" என்றார் டாக்டர்.

நாற்பது பக்கம் ஆராய்ச்சி, ரிப்பேர்க்காரரோடு சண்டை, எல்லாம் அந்தத் தட்டில் கிடந்தது. பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. ஆனால் மறுபடி சோதித்துவிட்டு டாக்டர் சொன்ன வார்த்தை அவரை நிமிர்த்தியது. "காது பிரமாதம் சார்! இருபது வயசுக்காரங்களுக்கே இப்படி இருக்கறதில்லை."

"கேட்டியா?" என்று மனைவியைப் பார்த்தார்.

"கேட்டேன். இன்னொரு சோதனை இருக்குங்க, கொஞ்சம் கஷ்டமானது. உங்க ஹெட்ஃபோனையே போட்டுக்குங்க. வீட்டுல வைக்கற சத்தத்துலயே பாட்டு ஓடட்டும். அதுக்கு நடுவுல நான் பேசறது கேட்டா விரலைத் தூக்கணும். இது எல்லாராலயும் முடியாது."

"எல்லாராலயும் முடியாதுன்னா என்ன, என்னால முடியும்" என்றார் நம்மவர். காலை அகல நீட்டி உட்கார்ந்துகொண்டார்.

வயலின் இடது பக்கம் திரும்பி வந்திருந்தது. அவருக்குக் கண் கலங்கியது. கதவைத் திறந்து வைத்துவிட்டு மனைவி வாசலில் அவருக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"குப்பையை வெளிய வைக்கணும்."

விரல் எழுந்தது. டாக்டர் "பலே" என்றார்.

அவள் இன்னும் நாலடி தள்ளிப் போனாள். "மாடியில துணி காயுது."

விரல்.

தாழ்வாரத்துக் கோடிக்குப் போய், கிசுகிசுப்பாக, "தொட்டியில தண்ணி இருக்கான்னு பாக்கணும்."

விரல் விறைப்பாக எழுந்தது. வேடிக்கை பார்க்க வந்த நர்ஸ் கை தட்டினாள். நம்மவர் நர்ஸைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டி அந்தப் பாராட்டை ஏற்றுக்கொண்டார்.

"அடுத்த மாசம் பதினஞ்சு நாள் எங்க அண்ணன் நம்ம வீட்டுலதான் தங்கப்போறான்."

சந்தோஷமாக அதற்கும் தூக்கினார்.

மனைவி திரும்பி வந்து காகிதத்தைப் படித்தாள். "கூப்பிட்டது நாலு தடவை. கேட்டது நாலு தடவை. பாட்டு ஓடும்போதே." பேனாவை மூடினாள். "ரெண்டு வருஷமா உங்க வயலினை நான் சமையலறையிலிருந்தே கேட்டுட்டு இருக்கேங்க. உள்ள இருக்கறது வெளிய வர்ற வழியில, வெளிய இருக்கறது உள்ள வராதா?"

நம்மவருக்கு அப்போதுதான் உறைத்தது. தூக்கிய விரலை மெல்ல மடக்கிப் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டார். நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

வீடு வரும் வழியெல்லாம் மனதுக்குள் வாதாடிப் பார்த்தார். ஆஸ்பத்திரி வேறு, வீடு வேறு. அங்கே கவனித்துக் கேட்டார், இங்கே மெய்மறந்து கேட்பார். கேட்கவில்லை என்று அடித்துச் சொன்னால் அவளால் என்ன செய்ய முடியும்? விடக் கூடாது. அந்த ஒரு மணி நேரத்தை உயிர் இருக்கும்வரை விடக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சரியாக ஆறு மணிக்கு ஹெட்ஃபோனை மாட்டினார். சத்தத்தை ஒரு புள்ளி கூட்டினார். கண்ணை மூடினார். முகத்தைக் கல்லாக்கிக்கொண்டார்.

சமையலறையிலிருந்து அவள் கத்தவில்லை. தனக்குத்தானே பேசிக்கொள்கிற மாதிரி, "குப்பை வண்டி வந்துடுச்சு" என்றாள்.

நம்மவர் திரும்பவில்லை. இமை அசையவில்லை. மூச்சைக்கூடச் சீராக விட்டார்.

ஆனால் அவரைக் கேட்காமலேயே ஆள்காட்டி விரல் மேலே எழுந்து நின்றது.