பனிமூட்டக் காட்சியைத் தொடாமல் அனுப்பியது பற்றி அத்தானுக்கு

மரியாதைக்குரிய அத்தானுக்கு,

உங்கள் மைத்துனன் எழுதிக்கொள்வது. நீங்களும் அக்காவும் நலமாக இருக்க வேண்டும். நான் தலை நிமிர்ந்து நலமாக இருக்கிறேன். போனில் நான் வாயைத் திறந்தாலே "அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால் படக் காட்சி அடங்கிய டிஸ்க் வரும் பெட்டிக்குள்ளேயே இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன். பெட்டியைத் திறந்தால் படித்துத்தானே ஆக வேண்டும்.

நான் வேலை செய்யும் படத்தில் கதாநாயகி குன்றின் மேல் தனியாக நிற்கும் காட்சியை எடுத்த அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. அதில் பனிமூட்டத்தை உங்கள் கம்பெனிதான் கிராபிக்ஸில் கொண்டுவரப் போகிறது. உங்களுக்குக் கிடைத்திருக்கும் முதல் படம் இது, கைநழுவிப் போனால் கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான் என்று அக்கா கண்ணைக் கசக்கினாள். "உன் தம்பி கையில கொடுத்தா உருப்படுமா?" என்று நீங்கள் கேட்டதையும் அவளே சொன்னாள். பரவாயில்லை, நான் எதையும் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை.

எங்கள் எடிட்டர் என்னை நம்பி, அந்தக் காட்சியை கம்ப்யூட்டரிலிருந்து உங்களுக்கான டிஸ்க்கில் ஏற்றும் எக்ஸ்போர்ட் வேலையைக் கொடுத்தார். நீங்கள் கேட்டபடியே கேமராவில் பதிவானதைப் பதிவானபடி, நிறம் ஏற்றாமல், சுருக்காமல், முன்னும் பின்னும் கொஞ்சம் கூடுதலாக விட்டு எடுத்துக்கொண்டிருந்தேன். நிறம் ஏற்றாத காட்சி சாயம் போன சட்டை மாதிரி வெளிறித்தான் இருக்கும், அது உங்களுக்கும் எனக்கும் தெரியும், டப்பிங்குக்கு வந்த கதாநாயகியின் அம்மாவுக்குத் தெரியுமா? எட்டிப் பார்த்தவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "என் பொண்ணு என்னப்பா, சீக்காளி மாதிரி இருக்கா?" என்றார். படத்தின் மேனேஜர் ஓடிவந்து என் காதைக் கடித்தார். "அவங்க கோவிச்சுக்கிட்டா பொண்ணு டப்பிங் பேசாது. கொஞ்சம் கலரைத் தூக்கி விடுப்பா, யாருக்குத் தெரியப் போகுது?"

"எங்க அத்தானுக்குத் தெரியும்," என்றேன். அந்த அம்மா கைப்பையைத் தூக்கிக் கீபோர்டின் மேல் பொத்தென்று வைத்தார், முக்கால்வாசி முடிந்திருந்த எக்ஸ்போர்ட் நின்றே போய்விட்டது, பையை எடுத்து அவர் மடியில் பணிவாக வைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். "படத்தோட முதலாளியையே கூட்டிட்டு வரேன்" என்று எழுந்து போனார். போகட்டும். எக்ஸ்போர்ட் முடிந்தது, கேமராக் காட்சியோடு வைத்துப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. உங்கள் கம்பெனியை நான் காப்பாற்றிவிட்டேன் அத்தான். இனி உங்கள் வீட்டில் என் பேச்சு எடுக்கும்போது கொஞ்சம் மரியாதையாக எடுக்கச் சொல்லுங்கள்.

அக்காவுக்கு அன்பு, உங்களுக்கு வணக்கம். உங்கள் கையால் பனி நன்றாக இறங்கட்டும்.

இப்படிக்கு,
உருப்பட்டுவிட்ட மைத்துனன்

பின்குறிப்பு: பெட்டியை ஒட்டப் போகும்போது முதலாளி வந்துவிட்டார். திரையில் வெளிறிக் கிடந்த காட்சியைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "பனிதான் வந்துடுச்சே. பிரமாதமா இருக்கே. இதுக்கு எதுக்குத் தனியா ஒரு கம்பெனி? இப்படியே படத்துல சேர்த்துடுங்க," என்றார். எடிட்டர் உடனே அதைப் படத்தில் சேர்க்க உட்கார்ந்துவிட்டார். முதலாளி எல்லார் முன்னாலும் என் முதுகில் தட்டிக் கொடுத்தார், பனி கொண்டுவந்தவன் நான்தானாம். அக்காவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். பெட்டியில் டிஸ்க்கைத் தேட வேண்டாம்.