மாமா ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம்

அன்புள்ள மாமாவுக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள். உங்கள் அறையில் தங்கியிருக்கும், கால்பந்து டீமில் லெஃப்ட் பேக் ஆடும் அண்ணனுக்கும் வேண்டாம். அவருக்கு வாயில் எதுவும் தங்காது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். படித்து முடித்ததும் கிழித்து இரண்டு வேறு வேறு குப்பைத் தொட்டிகளில் போடுங்கள். கடிதம் என்றால் நலம் விசாரித்துத் தொடங்க வேண்டும் என்று ஒன்பதாம் வகுப்பில் சொல்லித் தந்திருக்கிறார்கள். நீங்கள் நலமாக இல்லை என்பது ஞாயிறுதோறும் பேப்பரில் வருகிறது. நாங்கள் நலமாக இல்லை என்பது பேப்பரில் வருவதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். அதனால் விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

மணி பதினொன்று ஆகிறது. தேர்வுக்குப் படிப்பதாகச் சொல்லிக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, கணக்கு நோட்டுக்குள் தாளை வைத்து எழுதுகிறேன். கூடத்தில் உங்கள் டீமின் ரசிகர் மன்றம் இருக்கிறது. மன்றம் என்றால் மூன்று பேர். செயலாளர் எங்கள் அப்பா. தலைவர், ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர், எல்லோரும் 'டிக்கெட்டு' என்று கூப்பிடுவார்கள். பொருளாளர் அப்பா கடைக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ்காரர். டி.வி.யில் யார் கோல் போட்டாலும் ஆஃப்சைடு என்று கத்துவதால் அவருக்குப் பெயரே 'ஆஃப்சைடு' ஆகிவிட்டது. நாளை மறுநாள் ஆட்டத்துக்குத் துணி பேனர் எழுதுகிறார்கள். பெயின்ட் வாடை என் அறை வரை வருகிறது. இவர்களில் ஒருவர்கூடப் பத்தடி ஓடி நான் பார்த்ததில்லை. ஆஃப்சைடு தெருவைக் கடந்து வருவதற்கே இரண்டு தடவை நிற்கிறார்.

நீங்கள் தொடர்ந்து ஒன்பது ஆட்டம் தோற்ற பிறகு அப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஷட்டரைப் பாதி இறக்கியதும் தொடங்கிவிடுவார்கள். சென்டர் ஃபார்வர்டு கல்யாணத்துக்குப் பிறகு பந்தைத் துரத்துவதை விட்டுவிட்டானாம், வலது பக்க ஆட்டக்காரன் தலைமுடி கலையாமல் ஆடுகிறானாம், கேப்டனுக்கு டாஸ் போடுவதைத் தவிர ஒன்றும் தெரியாதாம். பிறகு, இந்த மேனேஜர் போனால் அடுத்த மேனேஜர் யார் என்று மூன்று வாரமாக ஒரே சண்டை. டயர் கடை வைத்திருக்கும் பழைய கேப்டனைப் போட வேண்டும் என்கிறார் ஆஃப்சைடு. அவர் இப்போது நூற்றுப் பத்து கிலோ, நடந்து வந்தாலே எதிர் டீம் ஒதுங்கும் என்பது இவர் கணக்கு. டிக்கெட்டு வெளிநாட்டுக்காரன்தான் வேண்டும் என்கிறார். எந்த நாடு என்று அப்பா கேட்டதற்கு, "எந்த நாடா இருந்தா என்னய்யா? நம்ம பேசறது அவனுக்குப் புரியக் கூடாது. அதான் முக்கியம்" என்றார். அப்பா யார் பெயரையும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, யாராவது தன் பெயரைச் சொல்வார்கள் என்று அடக்கமாகக் காத்திருந்தார். யாரும் சொல்லவில்லை. அன்றைக்கு வீட்டில் எங்கள் மேல்தான் எரிந்து விழுந்தார்.

எந்தச் சண்டை எங்கே போனாலும் கடைசியில் உங்களிடம்தான் வந்து நிற்கும் மாமா. மற்றவர்களைத் திட்டும்போது மூன்று பேருக்கும் கருத்து வேறுபாடு வரும். உங்களைத் திட்டும்போது வராது. கோல்கீப்பரான உங்களுக்குத் 'திறந்த கதவு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வைத்தது அப்பா. பில் போடும் மேசையில் அம்மா உட்கார்ந்திருக்கும்போதே வைத்தார். அவளுக்குச் சொந்தத் தம்பி நீங்கள். அன்றிலிருந்து அம்மா வீட்டில் எந்தக் கதவையும் மெதுவாகச் சாத்துவதில்லை, அவ்வளவுதான். குளியலறைத் தாழ்ப்பாளை இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. கடையில் மாட்டியிருந்த, நீங்கள் பாய்ந்து பந்து பிடிக்கும் போட்டோ இப்போது லென்ஸ் பெட்டிகளுக்குப் பின்னால் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அந்தப் போட்டோவைக் காட்டித்தான் அப்பா இவன் என் மச்சான் என்று வாடிக்கையாளர்களுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி கொடுத்தார். இப்போது தள்ளுபடியும் இல்லை, மச்சானும் இல்லை.

இதிலெல்லாம் எனக்கு ஆத்திரம் வருவது ஒரே ஒரு வார்த்தைக்கு. ஒவ்வொரு வாரமும் அப்பா கேட்கிறார், "அவனுக்குக் கண்ணு எங்க இருக்கு?" நாலு சுவரிலும் கண் பரிசோதிக்கும் பலகைகள், மேசையில் கண்ணுக்கு வெளிச்சம் அடிக்கும் மெஷின், நடுவில் நின்றுகொண்டு கேட்கிறார். தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் கண் பார்க்கிறவர், மச்சானை ஒரு நாள் அந்த நாற்காலியில் உட்கார வைக்கவில்லை. நான் உட்கார வைத்தேன். ஏழு மாதத்துக்கு முன்னால், கடைசியாக நீங்கள் வந்தபோது, விளையாட்டாக. நீங்கள் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு ஐந்தாம் வரிவரை தடுமாறாமல் படித்தீர்கள். ஒரு எழுத்துகூடச் சரியில்லை. அதற்கு முந்தின வாரம்தான் அப்பா பலகையை மாற்றியிருந்தார். நீங்கள் படித்தது பழைய பலகை. சின்ன வயதிலிருந்து கடைக்கு வந்து வந்து மனப்பாடம் ஆனது. நான் சிரிக்கத் தொடங்கியதும் நீங்கள் சிரிக்கவில்லை. "பாப்பா, இத யார்கிட்டயும் சொல்லிடாத. தெரிஞ்சா இந்த சீசனோட அனுப்பிடுவாங்க" என்றீர்கள். நான் சொல்லவில்லை. அன்றிலிருந்து நீங்கள் விடும் ஒவ்வொரு கோலும் என் வயிற்றில் விழுகிறது.

இப்போது பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். மன்றம் கிளப்புக்கு மனு அனுப்பியது உங்களுக்குத் தெரிந்திருக்கும். என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று என்னைத்தான் எழுதச் சொன்னார்கள். மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொல்ல, நான் எழுதினேன். "மேனேஜரும் கோல்கீப்பரும் உடனடியாக விலக வேண்டும்" என்பதுதான் வாசகம். எனக்கும் ல, ள இரண்டுக்கும் எப்போதும் தகராறு. அவசரத்தில் "விளக்க வேண்டும்" என்று விழுந்துவிட்டது. யாரும் படித்துப் பார்க்கவில்லை. தான் சொன்னதைத் தானே எதற்குப் படிக்க வேண்டும் என்று மூன்று பேருமே நினைத்தார்கள். அப்பா கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். டிக்கெட்டு வழக்கப்படி ஓரத்தில் ஒரு கிழி கிழித்துவிட்டுப் போட்டார். ஆஃப்சைடு ஜெராக்ஸ் எடுக்க, முந்நூற்று நாற்பது பேர் படிக்காமல் கையெழுத்துப் போட்டு மனு போய்விட்டது.

இன்று சாயங்காலம் கடை போன் அடித்தது. அப்பா உள்ளே ஒருவருக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எடுத்தேன். "மேனேஜர் பேசறேம்மா" என்றார். பேங்க் மேனேஜர் என்று நினைத்து அப்பா வெளியூர் போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். பிறகுதான் அவர் சொன்னார்: "இருபத்தெட்டு வருஷமா இந்த வேலைல இருக்கேன். அஞ்சு கிளப் என்னை வெளிய போன்னு சொல்லியிருக்கு. என்ன நடந்துச்சு, சொல்லுன்னு கேட்டவங்க நீங்கதாம்மா." ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்குக் கோல்கீப்பரையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வருகிறாராம், எல்லாவற்றையும் விளக்குகிறாராம். எழுதிக் காட்டப் பலகை இருக்கிறதா என்று கேட்டார். பலகைதான் நாலு இருக்கிறதே என்று சொல்லிவிட்டேன். வாய் தவறிச் சரி என்றும் சொல்லிவிட்டேன்.

மாமா, தயவுசெய்து வராதீர்கள். மேனேஜருக்கு வயிற்றுவலி என்று சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் இரண்டு பேரும் வந்து நின்றால் மனுவை எடுத்துப் பார்ப்பார்கள், எழுத்தைப் பார்ப்பார்கள், அது என் எழுத்து. கையெழுத்துப் போட்ட முந்நூற்று நாற்பது பேர் முன்னால் அப்பா தலைகுனிந்து நிற்பார். அவர் தலைகுனிந்தால் பிறகு எங்கள் தலை என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். உங்களையும் கூட்டத்தில் வைத்துக் கதவு, கதவு என்பார்கள். அம்மா இந்த முறை எதைச் சாத்துவாள் என்று எனக்குத் தெரியாது.

போன் அப்பாவின் சட்டைப் பையில் இருப்பதால் எழுதுகிறேன். காலையில் பள்ளிக்குப் போகும்போது மைதானத்துக் காவலாளியிடம் கொடுப்பேன். சனிக்கிழமை நன்றாக ஆடுங்கள். அடி படாமல் இருங்கள். அம்மா கேட்டதாகச் சொல்லச் சொல்லவில்லை, ஆனாலும் கேட்டாள்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகள்

பி.கு.: மேலே எழுதியதை விட்டுவிடுங்கள். எனக்குத் தமிழில் தொண்ணூற்றாறு மதிப்பெண். ல வரும் இடத்தில் ள வருவது கை தவறி நடக்கும். ஆனால் நடுவில் ஒரு க் தானாக வந்து உட்காராது. நான்தான் உட்கார வைத்தேன். வாங்க மாமா. மேனேஜர் தன்னுடையதை விளக்கட்டும், நீங்கள் உங்களுடையதை அப்பாவிடம் விளக்குங்கள். அப்பாவுக்கு வேறு எது தெரியாவிட்டாலும் கண் தெரியும். ஆட்டக்காரர்கள் கண்ணுக்குள் வைத்துக்கொள்ளும் லென்ஸ் இரண்டாவது அலமாரியில் இருக்கிறது, பெட்டியை முன்னால் எடுத்து வைத்திருக்கிறேன். புதுப் பலகையை எழுதி அனுப்பச் சொல்லாதீர்கள், மனப்பாடம் செய்யத் தர மாட்டேன். மனுவின் நகல் ஒன்றே ஒன்றுதான் வீட்டில் இருக்கிறது, அதுவும் என் இலக்கணப் புத்தகத்துக்குள். ஞாயிற்றுக்கிழமை வரை யாரும் அதைத் தேடாமல் இருந்தால்

கதவைத் தட்டுகிறார்கள். அம்மா தட்டமாட்டாள். அப்பாதான், வெளியில் நின்றபடி கேட்கிறார்: "பாப்பா, தூங்கிட்டியா? பேனர்ல விலகணும்னு எழுதறோம். பல்லுக்கு வர்ற ல-வா, பள்ளிக்கூடத்துக்கு வர்ற ள-வா?"

நான்