தேதி கேட்காத கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டருக்குத் தினமும் காலையில் தேதி மறந்துவிடும். 1988 ஆகஸ்டு பிறந்த பிறகும் அது 1980 ஜனவரி ஒன்றிலேயே நின்றுகொண்டு, இன்று என்ன தேதி என்று கேட்கும். பதிலைத் தட்டினால்தான் ஏலத்துக்கு வந்த ஏலக்காய் மூட்டைகளின் பட்டியலைத் தரும். போடியில் அந்த ஏலக்காய்க் கம்பெனியில் அதைத் தட்டுவதற்கென்றே தானியேல் இருந்தான்.

அதனால் இரண்டு வருடமாக அவனுக்கு லீவே கிடையாது. ஒரே ஒரு நாள் காய்ச்சலோடு தாமதமாகப் பத்து மணிக்கு வந்தான். கம்ப்யூட்டர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. முந்தின நாள் அணைக்க மறந்திருப்போம் என்று நினைத்துக்கொண்டான்.

இப்போது நாகர்கோவிலில் அவனுக்கு நிச்சயதார்த்தம். மூன்று நாள் வேண்டும்.

"நீ போயிட்டா அதுக்கு யாருய்யா தேதி சொல்றது?" என்றார் முதலாளி தங்கபாண்டியன்.

மதுரையிலிருந்து வந்த கம்ப்யூட்டர் விற்பனையாளர் வழி சொன்னார். கம்ப்யூட்டரில் புது புரோகிராமும் ஒரு பேட்டரியும் போட்டால் தேதியை அதுவே ஞாபகம் வைத்துக்கொள்ளுமாம், பக்கத்தில் ஆளே வேண்டாமாம். தானியேலுக்கு வாயெல்லாம் பல். அன்றைக்கே ஏற்றினான்.

மறுநாள் கம்ப்யூட்டர் தேதியைக் கச்சிதமாகச் சொன்னது. பிரிண்டர்தான் அசையவில்லை. அதற்கென்று மதுரையிலிருந்து ஒரு பிளாப்பி டிஸ்க் வந்தது. போட்டதும் பிரிண்டர் ஓடியது, பட்டியல் காணாமல் போனது. பட்டியலை மீட்க இன்னொரு பிளாப்பி. அதைப் போட்டால் கீபோர்டு வேலை செய்யவில்லை. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று ஏன் படுத்துக்கொள்கிறது என்று தானியேல் அதிசயமாகப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

ஒரு வாரத்தில் ஏழு பிளாப்பிகள் சேர்ந்துவிட்டன. ஏழையும் வரிசை மாறாமல் போட்டு, நடுவே இரண்டு தடவை அணைத்து எழுப்பினால் அரை மணியில் ஓடும். இடையில் தும்மினால்கூட மறுபடி முதலிலிருந்து. வெளியே போடிமெட்டு ஜீப்புகள் இறக்கிய மூட்டைகளோடு வியாபாரிகள் காத்துக் கிடந்தார்கள்.

நாகர்கோவில் பஸ்சுக்குக் கிளம்ப வேண்டிய நாளும் வந்தது.

"இந்த ஏழையும் யாருக்குய்யா சொல்லிக் குடுத்துட்டுப் போவ?" என்று கேட்டார் முதலாளி.

பெண் வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று தானியேலுக்கு அழுகையே வந்துவிட்டது. நிச்சயதார்த்தத்தைத் தள்ளிவைக்கும்படி தந்தி எழுத உட்கார்ந்தான்.

காலையில் அறையைப் பெருக்க வரும் ஜக்கம்மாள், வழக்கம்போல் சுவரிலிருந்த காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்தாள்.

"பழசாவே இருந்திருந்தா நீங்க பேசாம போயிட்டு வந்திருக்கலாம்ண்ணே. ஒங்களுக்குக் காய்ச்ச வந்த அன்னைக்கு, இந்தக் காலண்டரப் பாத்துத் தேதியத் தட்டுனதே நான்தான்."