லாசரஸ் கடிதம் மறுத்த படலம்

வாழ்க லாசரஸ்! பூன் லே அடுக்குமாடிப் பேரரணின் ஏழாம் மாடிக்கு அதிபதி, கப்பல் பட்டறைச் சாமான் கிடங்கின் சாவிக்கொத்து ஏந்திய செம்மல், உர்சுலாவின் மணாளன், அருள்ஜோதியைப் பெற்ற பெருந்தகை, மூக்குக்கண்ணாடியை இருமுறை துடைக்காமல் எந்தக் காகிதத்தையும் வாசியாத முறைமையாளன், மேற்படி லாசரஸ் நீடூழி வாழ்க! தபால்தலையின் முதுகில் உறையும் பசையே, முத்திரைத் திண்டில் ஊறும் செம்மையே, எழுதுகோல் முனையில் எழுந்தருளி வரம் தருக! ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதாம் ஆண்டு, மழை பிடித்துக்கொண்ட நவம்பர் மாதத்தில், ஒரு சாண் அகலத் தகரப் பெட்டியைக் காக்க அவ்வீரன் நிகழ்த்திய பெரும்போர், நடந்தது நடந்தபடி, கூட்டாமல் குறைக்காமல் இங்கே எழுதப்படுகிறது.

கீழ்த்தளத்தில், மின்தூக்கிக்கு இடப்புறம், நூற்றிருபது தபால்பெட்டிகள் காலாட்படைபோல் அணிவகுத்து நின்றன. அவற்றுள் லாசரஸின் பெட்டி மட்டும் ஏனோ பகைவரின் கண்ணை உறுத்திற்று. தவணை முறையில் கலைக்களஞ்சியம் விற்போரும், தபால்வழியே தேகப்பயிற்சி போதிப்போரும், வழுக்கைத் தலையில் கருங்காடு வளர்க்கும் தைலம் காய்ச்சுவோரும், என்றோ ஒருநாள் பத்திரிகைக் கூப்பனை நிரப்பி அனுப்பிய ஒரே பாவத்துக்காக ஆயுள் முழுதும் துரத்திவரும் தையல் இயந்திர முகவரும், மழைக்கால ஈசல் விளக்கை மொய்ப்பதுபோல் அவ்வாயிலை மொய்த்தனர்.

லாசரஸ் கலங்கினானில்லை. நீள நோட்டு ஒன்று வாங்கி, அடிக்கோல் வைத்துக் கோடு போட்டு, 'தடுக்கப்பட்டோர் பதிவேடு' என்று தலைப்பிட்டு, வரிசை எண், பெயர், வந்த தேதி, செய்த குற்றம், அளிக்கப்பட்ட தீர்ப்பு எனக் கட்டங்கள் வகுத்தான். பின்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேக்காக் கடைத்தெருவின் ஐந்தடி நடைபாதையில் ரப்பர் முத்திரை செதுக்கும் அப்துல் கஃபாரின் முன் சென்று நின்று, தனக்கோர் ஆயுதம் வேண்டுமென்றான். 'பெறுநர் ஏற்க மறுத்தார்' என்னும் வாசகம், தமிழிலும் ஆங்கிலத்திலும், கட்டம் கட்டி.

"எந்தக் கம்பெனிக்குண்ணே?" என்றான் கஃபார்.

"கம்பெனி இல்ல. வீட்டுக்கு."

"வீட்டுக்கா? வீட்ல யார மறுக்கப் போறீங்க? அண்ணி கண்ணுல இதக் காட்டிடாதீங்க லா!"

இடியேறுபோல் இறங்கும் அம்முத்திரைக்கு முன் எந்தப் படை நிற்கும்? வேண்டாத உறை ஒவ்வொன்றும் நெற்றியில் செங்காயம் பட்டு, பேருந்து நிறுத்தத்துத் தபால் பெட்டி வழியே வந்த திசைக்கே மீண்டது. கலைக்களஞ்சியம் அகர வரிசைப்படி பின்வாங்கிற்று. நெஞ்சு விரித்து வந்த தேகப்பயிற்சி முதுகு காட்டி ஓடிற்று. தைலக்காரர் மட்டும் மூன்று முறை முட்டிப் பார்த்து, பிறகு அவரும் ஓய்ந்தார். லாசரஸ் பதிவேட்டில் ஒவ்வொரு பெயரையும் கோல் வைத்து அடித்தான்.

அவ்வேளையில்தான் முகமில்லாப் பகைவன் ஒருவன் களம் புகுந்தான்.

அவன் உறையின் பின்புறத்தில் பெயரில்லை, விலாசமில்லை. முன்புறத்தின் இடது மூலையில் ஊதா மையால் வரைந்த சிறு சிலுவை ஒன்றே அவன் கொடி. முதல் உறையை லாசரஸ் பிரித்தான். கோடி அற்புதரான அந்தோனியாரின் பெயரால் எழுதப்பட்ட அக்கடிதம், தன்னை இருபத்தொரு பிரதி எடுத்து இருபத்தொரு பேருக்கு அனுப்புமாறு ஆணையிட்டது. அனுப்பிய ஒரு விதவைக்குத் தொலைந்த மகன் திரும்பி வந்ததையும், அலட்சியம் செய்த மணிலா வியாபாரியின் கப்பல் பதின்மூன்றாம் நாளே மூழ்கியதையும் அறிவித்து, 'இப்படிக்கு ஒரு பக்தர்' என்று முடிந்தது.

"சாமி பேரு போட்டிருக்குங்க. எழுதிப் போட்டுட்டா என்ன, கை தேஞ்சா போயிரும்?" என்றாள் உர்சுலா.

"அந்தோனியார் எங்கிட்ட ஏதாச்சும் சொல்லணும்னா கோயில்லயே சொல்லட்டும். வாரா வாரம் போயி முன்னாடிதான நிக்கிறேன்? தபால்ல எதுக்கு?"

மறுவாரம் இன்னொன்று. அதற்கடுத்த வாரம் மற்றொன்று. லாசரஸ் பதிவேட்டைத் திறந்து, இருபத்தெட்டாம் எண்ணுக்கு எதிரே எழுதினான்: பெயர், தெரியவில்லை. அடையாளம், ஊதாச் சிலுவை. தீர்ப்பு, இனி பிரிக்காமலே மறுக்க.

இப்பெரும்போரின் நடுவே, அவ்வீட்டார் வேறொரு கடிதத்துக்காக ஏங்கிக் கிடந்ததையும் இங்குச் சொல்லியாக வேண்டும். கோயிலில் அறிமுகமாகி இரண்டு மாதமாகப் பேச்சு நடந்துவந்த செம்பவாங் வட்டாரத்துச் சவரிமுத்து, கடற்படைத் தளத்தில் எழுத்தராயிருந்து ஓய்வுபெற்ற பெரியவர், தம் மகன் ஜார்ஜுடன் வந்து அருள்ஜோதியைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். ஜார்ஜ் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். கேசரித் தட்டை நீட்டிய அருள்ஜோதியை நிமிர்ந்து பார்த்தவன், தட்டை வாங்க மறந்தான். அவளும் கொடுக்க மறந்தாள். அவ்வொரு கணத்திலேயே அவர்கள் காரியம் முடிந்துவிட்டது. ஆயினும் சவரிமுத்து செருப்பை மாட்டிக்கொண்டே, "எங்க வழக்கம் வாயால சொல்றதில்ல. சரின்னாலும் இல்லன்னாலும் கடுதாசிதான்" என்று பிரகடனம் செய்து போனார்.

அன்றுமுதல் மின்பொருள் தொழிற்சாலையிலிருந்து திரும்பும் அருள்ஜோதி நேரே தபால்பெட்டியின் முன் போய் நிற்பாள். சாவியோ வீரனின் இடுப்பில்.

"அப்பா, செம்பவாங்லருந்து ஏதாச்சும்..."

"வந்தா நான் குடுக்க மாட்டேனாம்மா?"

இங்ஙனம் இருக்க, ஒரு வெள்ளிக்கிழமை மாலை, வானம் பிளந்து கொட்டிய மழையில், வேலை முடிந்து வந்த லாசரஸ் பெட்டியைத் திறந்தான். உள்ளே ஒரே ஓர் உறை. இடது மூலையில் ஊதாச் சிலுவை! புற்றினுள் கைவிட்டுப் பாம்பைப் பற்றுவான் போல் அதைப் பற்றி, ஏழு மாடியும் ஏறிச் சென்று, கண்ணாடியை ஒருமுறை துடைத்து, மறுமுறையும் துடைத்து, பின்புறம் திருப்பி, பெயரின்மை கண்டு நகைத்து, முத்திரையைச் செம்மையில் தோய்த்து, மேசை அதிர, கோப்பை குலுங்க, அடுத்த வீட்டுக் குழந்தை வீரிட்டழ, ஓங்கி ஒரே குத்து! அம்மட்டோ? தலை துவட்டவும் நில்லாமல், குடையை விரித்து மீண்டும் மழையினுள் பாய்ந்து, அதைத் தபாலில் சேர்த்துவிட்டே திரும்பினான். அன்று குடித்த மைலோ பானத்தில் அவனுக்குச் சர்க்கரை கூடுதலாகத் தோன்றிற்று.

ஒன்பதாம் நாள் மாலை கதவு தட்டப்பட்டது.

வெளியே, கழுத்துப் பொத்தானும் விடாமல் மாட்டிய வெள்ளைச் சட்டையில் சவரிமுத்து. அவர் கையில், தபால் நிலையத்தார் பிரித்து, உள்ளே விலாசம் கண்டு, அவரிடமே கொண்டுபோய்ச் சேர்த்த அந்த உறை. அதன் நெற்றியில் லாசரஸின் செங்காயம்.

"எம் பையனுக்கு உங்க பொண்ணப் பிடிச்சிருக்குன்னு எழுதினேன்" என்றார். "பிரிச்சுக்கூடப் பாக்கல நீங்க. வேணாம்னா வேணாம்னு சொல்லியிருக்கலாம். எங்க பரம்பரையவே இதுவரைக்கும் யாரும் ரப்பர் ஸ்டாம்பால மறுத்ததில்ல லாசரஸ்."

அடுப்படி வாசலில் நின்ற அருள்ஜோதி தந்தையைப் பார்த்தாள். தேர் அச்சு முறிந்து, யானை சாய்ந்து, கொடி மண்ணில் புரளும் களத்தில்கூட எந்த மன்னனும் அப்படிப்பட்ட பார்வைக்கு ஆளாகியிருக்க மாட்டான். லாசரஸின் கண்ணோ மூலையிலிருந்த ஊதாச் சிலுவையில் நிலைகுத்தியது. பகைவன் யாரென்று வீரனுக்கு விளங்கிவிட்டது.

சவரிமுத்து விடவில்லை. "சரி, அது போகட்டும். இந்தச் சம்பந்தம் கூடி வரணும்னு நேந்துக்கிட்டு, மூணு அந்தோனியார் கடுதாசி உங்களுக்குத்தான் போட்டேன். அதாச்சும் கெடைச்சுதா? இருபத்தோரு பேருக்கு எழுதினீங்களா, இல்லியா?"

அவ்வேளை, வீழ்ந்த வேந்தனின் முன் கேடயமேந்திப் பாய்ந்தாள் உர்சுலா.

"எழுதாம இருப்பாராண்ணே? ஒண்ணு ரெண்டா போட்டா மரியாதையில்ல, மொத்தமா எழுதித்தான் போடணும்னு தாளெல்லாம் எடுத்து வச்சிருக்காரு. அந்த ஸ்டாம்பு கை தவறி விழுந்துருச்சுண்ணே, ஆளு கண்ணாடி போடல. ஏங்க, சொல்லுங்க!"

"ஆமாண்ணே" என்றான் கண்ணாடி அணிந்திருந்த லாசரஸ்.

சவரிமுத்து அந்தக் கண்ணாடியை வெகுநேரம் பார்த்தார். பிறகு அருள்ஜோதியைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அப்ப எழுதுங்க. நான் இருக்கேன். மூணு கடுதாசிக்கும் சேத்து அறுபத்து மூணு. முடிஞ்சதும் நாள் குறிச்சிரலாம். மருமவளே, எனக்கு ஒரு காப்பி, சீனி கம்மி."

மருமகளே என்னும் அவ்வொரு சொல் முரசென முழங்க, அருள்ஜோதி ஓடிப்போய்க் காப்பியையும் வெள்ளைத்தாளையும் ஒருசேரக் கொண்டுவர, உர்சுலா அடிக்கோல் வைத்துக் கோடு போட, சவரிமுத்து ஒவ்வொரு சொல்லாய் உரைக்க, விதவையின் மகன் அறுபத்து மூன்று முறை வீடு திரும்புதற்பொருட்டும், மணிலா வியாபாரியின் மரக்கலம் அறுபத்து மூன்று முறை ஆழ்கடலில் அமிழ்தற்பொருட்டும், பூன் லேயின் வாயிற்காவலன், உறைகளின் எமன், தைலக்காரரைத் தலைகுனிய வைத்த தனிப்பெருந்தலைவன், மகளின் முகத்தை ஒருமுறை நோக்கி, கண்ணாடியை இருமுறை துடைத்து, வாளென எழுதுகோலை உயர்த்தினான்.

ஏழாவது கடிதத்தில் பேனா மை தீர்ந்துவிட்டதால் லாசரஸ் பக்கத்து வீட்டில் போய் ஒரு பேனா வாங்கிவந்தான்.